ரொட்டியை விட்டாரா, பீரை விட்டாரா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா மகன் ஒரு படம் போட்டிருந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர். இடதுபுறம் இருப்பவருக்கு முகம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. வலதுபுறம் இருப்பவர் வாட்டசாட்டமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் இருவரும் ஒரே ஆள் என்று புரிகிறது. கீழே ஒரு வரி: ‘பிரபல செஃப். கார்போஹைட்ரேட்டை விட்டார். 76 கிலோ குறைத்தார்.’

இரண்டே நிமிடத்தில் அண்ணியிடமிருந்து பதில் வந்தது. ‘திரும்பவும் ஆரம்பிச்சிட்டாரா?’

அண்ணி ஏன் அப்படிக் கேட்டார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் படத்தில் இருக்கும் மனிதர்.

அவர் பெயர் டாம் கெரிட்ஜ். இங்கிலாந்துக்காரர். 1973-ல் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள்; அம்மா வேலைக்குப் போனதால், வீட்டில் தம்பிக்குச் சமைத்துப் போடும் பொறுப்பு சின்ன வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. 18 வயதில் ஹோட்டல் கிச்சனுக்குள் நுழைந்தார். 2005-ல் மனைவியோடு சேர்ந்து, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள மார்லோ என்ற சிறிய ஊரில் ‘தி ஹேண்ட் அண்டு ஃபிளவர்ஸ்’ என்ற பப்பை எடுத்து நடத்த ஆரம்பித்தார்.

பப் என்றதும் நம் ஊர் பாரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அது தெருமுனை டீக்கடை மாதிரி. குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுவார்கள், ஒரு பீரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசுவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மிஷெலின் வழிகாட்டி முதலில் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. 2012-ம் ஆண்டுப் பதிப்பில் இரண்டு நட்சத்திரங்கள். உலகத்தில் எந்த பப்புக்கும் அதுவரை இரண்டு நட்சத்திரம் கிடைத்ததில்லை. பிபிசி அவரைத் தேடி வந்தது. வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாகிவிட்டார்.

அந்த முகத்தோடு உடம்பும் வளர்ந்துகொண்டே இருந்தது. உச்சத்தில் சுமார் 30 ஸ்டோன். பிரிட்டிஷ்காரர்கள் எடையை இன்னும் ஸ்டோன் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு ஸ்டோன் ஏறக்குறைய 6.35 கிலோ. ஆக, 190 கிலோ.

சமையல்காரர்கள் குண்டாவது சாப்பாட்டு ஆசையால் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல சமயம் அவர்கள் சரியாகச் சாப்பிடாததால்தான் அது நடக்கிறது. கல்யாண வீட்டில் 500 இலைக்குச் சமைத்துப் போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். கடைசிப் பந்தி முடியும்வரை அவர் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டார். ஆனால், காலையிலிருந்து உள்ளங்கையில் சாம்பார், ஒரு துளி பாயசம், பதம் பார்க்க ஒரு ஜாங்கிரி என்று போய்க்கொண்டே இருக்கும். ஐரோப்பிய கிச்சனில் அந்த உள்ளங்கைக்குப் பதில் ஸ்பூன். சாஸில் வெண்ணெய், உருளை மசியலில் வெண்ணெய், கறியின் மேலே ஊற்றுவதிலும் வெண்ணெய். ஒவ்வொரு தட்டும் வெளியே போவதற்கு முன் ஒரு ஸ்பூன். இரவு 11, 12 மணிக்கு அடுப்பை அணைக்கும்போது வயிறு ஒரு கணக்கும் மூளை வேறு கணக்கும் சொல்லும். 14 மணி நேரம் ஓடிய உடம்பு உடனே தூங்காது. அப்போது கையில் ஒரு கிளாஸ் வருகிறது.

கெரிட்ஜின் கையில் வந்தது ஒரு கிளாஸ் இல்லை. ஒரே நாளில் 15 பைன்ட் வரை பீர் குடித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். பிரிட்டிஷ் பைன்ட் என்பது 568 மில்லி. சாதாரண பீர் ஒரு பைன்ட்டில் சுமார் 200 கலோரி. 15 பைன்ட் என்றால் 3,000 கலோரி. ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாகத் தேவைப்படுவதாக பிரிட்டன் அரசு சொல்வதே 2,500 கலோரிதான். சாப்பாட்டை விட்டுவிடுங்கள், குடித்ததிலேயே ஒன்றேகால் ஆள் தேவை முடிந்துவிட்டது. பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டாலும் 1,500. குடித்த பிறகு அர்த்த ராத்திரியில் என்ன சாப்பிடுகிறோம் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை, அது தனி.

2013-ல் 40 வயது. இப்படியே போனால் 50-ஐப் பார்க்க மாட்டோம் என்ற பயம் வந்தது. அரைகுறை என்பது தன் சுபாவத்திலேயே இல்லை என்று சொல்பவர் அவர். ‘வார நாள்களில் மட்டும் குடிக்க மாட்டேன்’ என்றெல்லாம் பேரம் பேசவில்லை. குடியை அடியோடு நிறுத்தினார். நீந்த ஆரம்பித்தார். 190 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு ஓடினால் முழங்கால் என்ன பாடுபடும்? தண்ணீர் அந்த எடையைத் தாங்கிக்கொள்ளும். பிறகுதான் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தார். ரொட்டி, உருளைக்கிழங்கு, பாஸ்தா, அரிசி, சர்க்கரையை ஒதுக்கினார்.

மூன்று ஆண்டுகளில் 11 ஸ்டோன் போனது. 70 கிலோ. பிறகு 12 ஸ்டோன். அண்ணன் போட்ட படத்தில் இருந்த 76 கிலோ அதுதான். அதற்குப் பிறகும் அவர் 100 கிலோவுக்கு மேல்தான். ஆறடிக்கு மேல் உயரமானவர், தாங்குகிறது.

2017 ஜனவரியில் இந்தக் கதை புத்தகமாக வந்தது. ‘டோபமைன் டயட்’ என்று பெயர். குறைந்த மாவுச்சத்து, சந்தோஷமான எடைக்குறைப்பு என்பதுதான் அதன் விளம்பரம். ‘பீரை நிறுத்தினேன்’ என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தால் எத்தனை பிரதி விற்கும், சொல்லுங்கள்! குடியை நிறுத்தியதை அவர் மறைக்கவே இல்லை. புத்தகத்திலும் மதுவுக்கு இடமில்லை. ஆனால், அந்தப் படம் கைமாறிக் கைமாறி நம் குடும்ப குரூப்புக்கு வரும்போது பீர் காணாமல் போய்விட்டது. ரொட்டி மட்டும் குற்றவாளியாக நிற்கிறது.

டோபமைன் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூளையில் ‘இது நன்றாக இருக்கிறது, இன்னும் வேண்டும்’ என்ற உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம் அது. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பு அதைத் தயாரித்துக்கொள்கிறது. முட்டை, கறி, மீன், பால் பொருள்கள், கொட்டைகளில் டைரோசின் இருக்கிறது. அதனால் இவற்றைச் சாப்பிட்டால் மனசு மகிழும், குடியும் இனிப்பும் கொடுத்த இன்பத்துக்கு ஈடாகும் என்பது புத்தகத்தின் வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், ஓரளவு ஒழுங்காகச் சாப்பிடுகிற யாருக்கும் டைரோசின் பற்றாக்குறை இருப்பதில்லை. மேலும் இரண்டு முட்டை போட்டுக்கொண்டால் மூளையில் அதற்கேற்ப டோபமைன் ஏறிவிடாது. அதன் தயாரிப்புக்கு உடம்பு தனியாக ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. விஞ்ஞானப் பெயரைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஒரு சமையல்காரரின் எளிய கண்டுபிடிப்பு: பிடித்த ஒன்றை விட்டால், அந்த இடத்தில் பிடித்த இன்னொன்றை வைக்க வேண்டும்.

எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்ததே இதுதான். டயட் என்றால் வேகவைத்த ப்ரோக்கோலியும் உப்பில்லாத சூப்பும் என்று அவர் நினைக்கவில்லை. ஷெப்பர்ட்ஸ் பை என்று ஓர் ஆங்கிலேயப் பதார்த்தம் உண்டு. ஆட்டுக்கறிக் கொத்தை மசாலா குழம்பில் வேகவைத்து, மேலே உருளைக்கிழங்கு மசியலைக் கனமாகப் பரப்பி, ஓவனில் பொன்னிறமாகச் சுட்டு எடுப்பது. கெரிட்ஜ் கறியைத் தொடவில்லை. மேலே இருந்த உருளையை மட்டும் எடுத்துவிட்டு, காலிஃப்ளவரை வேகவைத்து, கிரீம் போல மசித்துப் பரப்பினார். கீரையும் பார்மசான் சீஸும் சேர்த்து ஒரு சூப். சோயா, பூண்டு, இஞ்சி, மிளகாய் தடவிய மீன். இரண்டு நட்சத்திரம் வாங்கிய கை என்பதால், சாப்பிடுகிறவர் எதையோ இழந்தோம் என்று நினைக்காதபடி செய்யத் தெரியும். அவருக்கு அது தொழில். நமக்கு ஆபீஸ் முடிந்து 8 மணிக்கு வீட்டுக்கு வந்து செய்ய வேண்டியது. இந்த வித்தியாசத்தையும் அந்த இரண்டு படங்கள் சொல்வதில்லை.

மாவுச்சத்தைக் குறைத்து இளைப்பது புதுசும் இல்லை. லண்டனில் வில்லியம் பேன்ட்டிங் என்று ஒருவர் இருந்தார். அரச குடும்பத்துக்கே இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்துகொடுத்த குடும்பம். அறுபதுகளின் நடுவில் வயது. குனிந்து ஷூ லேஸைக் கட்ட முடியாத உடம்பு. காது கேட்கவில்லை என்று டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். ஒரே ஆண்டில் 46 பவுண்டு, அதாவது சுமார் 21 கிலோ குறைந்தது. சந்தோஷத்தில் 1863-ல் ஒரு சிறு பிரசுரமே எழுதி வெளியிட்டார். அது எப்படிப் பரவியது என்றால், ஸ்வீடிஷ் மொழியில் டயட் இருப்பதற்கு இன்றைக்கும் ‘பாண்டா’ என்றுதான் சொல்கிறார்கள். அவர் பெயரிலிருந்து வந்த வார்த்தை. பீர் அந்தப் பட்டியலிலும் இருக்கிறது, கவனித்தீர்களா?

சரி, மாவுச்சத்தைக் குறைத்தால் நிஜமாகவே எடை குறையுமா? குறையும். முதல் வாரத்தில் வேகமாகவே குறையும், அதில்தான் எல்லோரும் மயங்கிவிடுகிறோம். நம் தசையிலும் ஈரலிலும் அவசரத் தேவைக்கு கிளைக்கோஜன் என்ற சேமிப்பு, அரை கிலோவை ஒட்டி இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து வராதபோது உடம்பு முதலில் இதை எடுத்துச் செலவழிக்கும். கூடவே அந்தத் தண்ணீரும் வெளியேறும். இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று ஆறாவது நாள் நாம் ஸ்டேட்டஸ் போடுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரைத்தான். ஏழாவது நாள் சொந்தக்காரர் கல்யாணத்தில் இலை முன்னால் உட்கார்ந்தால், போன வேகத்திலேயே திரும்பி வரும்.

நீண்ட நாள் கணக்கு என்ன? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டு அணியாகப் பிரித்து ஓர் ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. ஓர் அணிக்குக் கொழுப்பு குறைவு. இன்னொன்றுக்கு மாவுச்சத்து குறைவு. இரண்டு அணிக்குமே சர்க்கரையையும் மைதா வகையறாவையும் குறைக்கச் சொன்னார்கள், காய்கறியைக் கூட்டச் சொன்னார்கள். ஓர் ஆண்டு முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இளைத்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், ஒவ்வோர் அணிக்குள்ளும் இருந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். சிலர் 20 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். சிலருக்கு எடை ஏறியே இருந்தது. ஒரே டயட்தான்!

இப்போது அண்ணியின் கோபத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் பேலியோ அலை நம் ஊரில் அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? தெருவுக்கு ஒருவர் காலையில் 100 பாதாமும் பட்டர் டீயுமாக இருந்தார்கள். அண்ணனும் ஆரம்பித்தார். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் திங்கட்கிழமை காலையில் நிறுத்தினார். மாத்திரையை நிறுத்தவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை 11 மணிக்கு, நின்றபடி டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவருக்குச் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, கண்கள் இருட்டிவிட்டன. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி தன் பையிலிருந்து சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டு, நடத்துநரிடம் சொல்லி உட்காரவைத்திருக்கிறாள். அவள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அண்ணி இன்னமும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொள்கிறார்.

நடந்தது இதுதான். கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரண்டு கவளம் சோற்றை எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்ட அளவு அது. சோறு வரவில்லை, மாத்திரை தன் வேலையைப் பார்த்தது, சர்க்கரை தாழ்ந்துபோனது. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், ரத்தத்தில் அமிலம் கூடிப்போகும் வேறு ஒரு விபரீதம் வரலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், கர்ப்பிணிகள் யாரும் படத்தைப் பார்த்துத் தட்டை மாற்றக் கூடாது. டயட்டை மாற்றுவதற்கு முன்பே மாத்திரை அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். முன்பே. பிறகு இல்லை.

அதற்காக, ‘அப்போ நான் மூணு வேளையும் சோறே சாப்பிடறேன்’ என்று மகிழ வேண்டாம். நம் தட்டில் மாவுச்சத்து அதிகம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோடு சேர்ந்து சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், 18,090 பேரின் சாப்பாட்டை அலசி 2022-ல் ஒரு கணக்கு சொன்னார்கள். புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்கள் அதைப் பின்வாங்கச் செய்ய, மொத்த கலோரியில் 49 முதல் 54 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வந்தால் போதும். புரதம் 20 சதவிகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. நம்மில் பலர் 60-ஐத் தாண்டிச் சாப்பிடுகிறோம். அதாவது, சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. இரண்டாவது முறை போடும் சோறு வேண்டாம், அந்த இடத்தில் ஒரு கரண்டி சுண்டலோ முட்டையோ மீனோ வரட்டும் என்கிறார்கள். இதைப் படம் போட்டு ஃபார்வர்டு செய்ய முடியாது. இடது படத்துக்கும் வலது படத்துக்கும் நடுவே நான்கு ஆண்டுகள் ஆகிவிடும்.

இன்னொன்று. சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களி, தினைப் பொங்கல் என்று மாறிவிட்டு, ‘நானும் லோ கார்ப்தான்’ என்கிறவர்கள் இருக்கிறார்கள். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகில் கிட்டத்தட்ட 70. நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல், நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால், நான்கு உருண்டை களி சாப்பிட்டால் அது நான்கு உருண்டை மாவுச்சத்துதான்.

காசும் ஒரு விஷயம். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. பன்னீரும் மீனும் பாதாமும் அப்படிக் கிடைப்பதில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அடுப்படியில் யாருக்கு வேலை கூடுகிறது என்று டயட்டில் இருக்கும் ஆண்கள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். கெரிட்ஜ் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டார்.

‘டோபமைன் டயட்’ வந்த மறு வருடமே அவர் பிபிசியில் எடைக்குறைப்பு பற்றி ஒரு தொடர் செய்தார். அதில் மாவுச்சத்து எதிரி இல்லை. தட்டு நிறைய இருக்க வேண்டும், ருசிக்க வேண்டும், கலோரி மட்டும் குறைய வேண்டும் என்று பாதையை மாற்றிக்கொண்டார். ஒரு முறை இளைத்த வழியையே ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டிருக்காமல், சாதாரண ஜனங்கள் எதைத் தொடர்ந்து செய்வார்கள் என்று யோசித்திருக்கிறார். புத்தகங்கள் மாறின. இத்தனை வருடங்களில் மாறாமல் இருப்பது அவர் குடிக்காமல் இருப்பது மட்டும்தான்.

இதையெல்லாம் நான் குரூப்பில் எழுதவில்லை; யார் படிப்பார்கள்? அண்ணனுக்கு போன் பண்ணி அந்த காலிஃப்ளவர் மசியலை மட்டும் சொன்னேன். பூவை உதிர்த்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் அலசி, ஆவியில் குழைய வேகவைத்து, தண்ணீரை நன்றாகப் பிழிந்து வடித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் கூழாகிவிடும். பிறகு கொஞ்சம் வெண்ணெய், மிளகுத்தூள், ஒரு பல் பூண்டு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று. மேலே நம் வீட்டுக் கொத்துக்கறி.

‘இதுக்கு மாத்திரையைக் குறைக்கணுமா?’ என்று கேட்டார் அண்ணன்.

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. ‘செவ்வாய்க்கிழமை டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். அதுவரைக்கும் சோறுதான்னு சொல்லு!’